சமவெளியின் சக்கரங்கள்: கூத்தாநல்லூர் வட்டாரத்தில் சைக்கிளின் விலையும் பயனும்

கல்லணையிலிருந்து கடற்கரை வரை காவிரி வடிநிலத்தின் தரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே சரிந்து செல்கிறது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் நீர், அங்கிருந்து வாய்க்கால்களாகவும் கிளை வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களை அடைவதற்கு இந்த மெல்லிய சரிவே போதுமானதாக இருந்து வந்துள்ளது. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள கூத்தாநல்லூரில் எத்திசையில் நோக்கினாலும் குன்று ஒன்றும் தென்படாது. ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சாலையும் கரைமேடும்தான் அங்குள்ள ஏற்றங்கள். இத்தகைய நிலத்துக்குச் சைக்கிள் எவ்வாறு வந்தது, யார் எதற்காக என்ன விலை கொடுத்து வாங்கினார்கள், பழுதானபோது யார் சரிசெய்தார்கள் என்ற வரலாறு, எப்போதாவது பொழுதுபோக்காக ஓட்டுவோர் பெரும் பணம் கொடுத்து மலைச் சைக்கிள் வாங்கலாமா என்று இன்று எழும் கேள்விக்கும் உரிய விடையைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

சைக்கிளுக்கு முன்பே இப்பகுதிக்கு ரயில் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைத்த பாதை 1861-62இல் திறக்கப்பட்டது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்த நிதியில் அமைத்த மாயவரம் – முத்துப்பேட்டை ரயில் பாதை 1894இல் ஓடத் தொடங்கியது. ஆயினும் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வயலுக்கும் செல்ல நடையும் மாட்டுவண்டியுமே இருந்தன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் சாலைகள் சேறாகிவிட்டால் மாட்டுவண்டியும் நகராது. வண்டிக்கு வேண்டிய அகலம் இல்லாத ஆற்றங்கரைத் தடமும் வாய்க்கால் கரையும் ஒற்றைத் தடத்தில் உருளும் சைக்கிளுக்குப் போதுமானவை என்பதுதான், இந்த நாட்டில் அது வேரூன்றியதற்கு முதற்காரணம்.

இரண்டு சக்கரங்களும் ஒரே அளவாக, சங்கிலி வழியே பின்சக்கரத்தை இயக்கும் இன்றைய வடிவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டியிலிருந்து தொடங்குகிறது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகே அது எல்லாச் சாலைகளுக்கும் ஏற்றதாயிற்று. தமிழகத்துக்கு வந்த முதல் வண்டிகள் அனைத்தும் இறக்குமதிச் சரக்குகள்: நாட்டிங்காமின் ராலே, பர்மிங்காமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகியவற்றை அதிகாரிகளும் வக்கீல்களும் மிராசுதார் வீட்டு இளைஞர்களுமே வாங்க முடிந்தது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக மரக்கால் கணக்கில் அளக்கப்பட்ட ஒரு பொருளாதாரத்தில், ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டிய இந்தப் பொருள் பெரும்பாலோரின் எண்ணத்துக்கே எட்டாததாக இருந்தது. உள்ளாட்சி மன்றங்கள் சைக்கிளுக்கு ஆண்டு வரி விதித்து, அதற்குச் சான்றாக உலோக வில்லை ஒன்றை வழங்கியதும், இரவில் விளக்கின்றிச் சென்றாலும் பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றாலும் போலீசார் பிடித்து அபராதம் விதித்ததும், இன்று மோட்டார் வாகனத்துக்கு உள்ள தகுதி அன்று சைக்கிளுக்கு இருந்ததைக் காட்டுகின்றன.

கூத்தாநல்லூரின் வரலாற்றை அதன் வயல்களோடு மட்டும் நிறுத்திவிட முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றவர்களின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பெயரும் அதனால் வந்ததே. அந்த மலேயாவிலேயே சைக்கிள் ஒரு போரின் போக்கை மாற்றியது. 1941 டிசம்பரில் தரையிறங்கிய ஜப்பானியப் படையினர் சைக்கிள்களில் ஏறித் தீபகற்பத்தின் நீளம் முழுவதும் விரைந்து 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் கைப்பற்றினர். போருக்கு முன்பே ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் மலேயாவில் பெருமளவில் இறக்குமதியாகி இருந்ததால், உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் அவர்களுக்கு ஊருக்கு ஊர் எளிதில் கிடைத்தன. உயர்ந்த வண்டியால் கிடைத்த வெற்றியன்று அது. எங்கு நின்றாலும் சரிசெய்து கொள்ளக்கூடிய வண்டியால் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்நாட்டுத் தொழில் எழுந்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951இல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரலாயின. வடக்கே சோனிப்பட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ, வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆகியவை அதே பத்தாண்டுக்குள் நிலைபெற்றன. இவை அனைத்தும் செய்த வண்டி ஏறக்குறைய ஒன்றே: இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், நேர்க்கம்பிகளால் இயங்கும் பிரேக்கு, சங்கிலியை மூடிய செயின் கவர், மட்கார்டு, பின்னால் உறுதியான கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு, ஒரே ஒரு பல்லமைப்பு. ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள இந்த இரும்பு வண்டி மலையேறுவதற்கு உதவாது. ஆனால் சமவெளியில் ஒரு மூட்டை நெல்லையோ, புல்லுக்கட்டையோ, பால் கேன்களையோ, ஐஸ் இட்ட மீன் கூடையையோ சுமந்து பத்து மைல் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி அக்காலத்தில் வேறில்லை.

அன்றும் சைக்கிள் மலிவாக இருந்ததில்லை. உழைப்பாளி ஒருவர் பல மாத வருமானத்தைச் சேர்த்தாலன்றி வாங்க முடியாத பொருளாகவே அது நெடுங்காலம் இருந்தது. திருமணச் சீரில் கைக்கடிகாரம், ரேடியோ ஆகியவற்றோடு சைக்கிளும் இடம்பெற்றது அதனால்தான். ராலே வைத்திருப்பவருக்குத் தெருவில் தனி மதிப்பு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த வண்டியால் பெருமை தேடும் ஆசை புதிதாகப் பிறந்ததன்று. ஆனால் அவ்வாறு கொடுக்கப்பட்ட பெருந்தொகை முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பாகத் திரும்பி வந்தது. டயரும் ட்யூபும் பிரேக் கட்டையும் பால்ரஸும் தேயத் தேய மாற்றப்பட, வண்டியின் சட்டம் (ஃபிரேம்) மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஒரு செலவு தகுமா என்பதை விலையை மட்டும் வைத்து அளக்க இயலாது; எத்தனை நாள், எந்த வேலைக்கு என்பதும் உடன் அளக்கப்பட வேண்டும்.

சைக்கிளின் சமூக மதிப்பு இன்னொரு கசப்பான வழியிலும் வெளிப்பட்டது. தலித் மக்கள் பிற சாதியினரின் தெருக்களில் சைக்கிளில் அமர்ந்து செல்லக் கூடாது, இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்ற கொடிய கட்டுப்பாடு தமிழகத்தின் பல ஊர்களில் நிலவியது. தோளில் துண்டு, காலில் செருப்பு ஆகியவற்றுக்கு இருந்த தடைகளின் வரிசையில் வந்த தடை அது. தஞ்சை மாவட்டத்தில் விவசாயிகள் சங்கத்தின் போராட்டங்களும், 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், அவற்றைத் தொடர்ந்த கூலி உயர்வுகளும் நேர்ந்திராவிட்டால் சைக்கிள் இம்மக்களின் கைக்கு இன்னும் தாமதமாகவே வந்திருக்கும்.

சைக்கிள் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், இக்கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமானதும் வாடகை சைக்கிள் கடையே. கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்தை ஒட்டியோ ஒரு கூரைக்கொட்டகை, அதன் முன் வரிசையாக நிறுத்தப்பட்டு மட்கார்டில் எண் எழுதப்பட்ட வண்டிகள், யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுத்தார் என்று குறிக்கும் நோட்டு ஒன்று, சுவரில் ஒரு கடிகாரம் ஆகியவையே அதன் முதலீடு. மணிக்கணக்கில் வாடகை, தெரிந்தவர் என்றால் பெயர் போதும், தெரியாதவர் என்றால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். சிறுவர்களுக்கெனக் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று உயரத்துக்கு ஏற்ப வண்டிகள் இருந்தன. அவை கிடைக்காதவர்கள் பெரிய வண்டியின் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து ஓட்டும் குரங்கு பெடல் முறையில் பழகினர். அக்கடைகளே பஞ்சர் ஒட்டும் இடமாகவும், சக்கரத்தின் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுக்கும் இடமாகவும், வண்டியை முழுவதும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் இட்டுப் பூட்டும் ஓவராயில் வேலை நடக்கும் இடமாகவும் இருந்தன. சந்தைக்கோ, உறவினர் வீட்டுத் துக்கத்துக்கோ, திருவாரூர்த் தேருக்கோ செல்ல எப்போதாவது ஒருமுறை சைக்கிள் தேவைப்பட்டவர்கள் அதைச் சொந்தமாக வாங்கவில்லை. தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் விலை கொடுத்தனர். விலையுயர்ந்த ஒரு பொருளும் அதை அரிதாகப் பயன்படுத்துவோரும் எவ்வாறு இணையலாம் என்பதற்கு இந்த ஊர்களே கண்ட நேர்த்தியான வழி அதுவாகும்.

தொண்ணூறுகளில் அந்தக் கடைகள் மங்கத் தொடங்கின. அருகிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிப்பில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அக்காலத்தில்தான். அங்கு பெண்களுக்கான வண்டி போதாதபோது பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பி வாங்கினர் என்றும், அதன் பாரில் குழந்தையை உட்கார வைத்துச் செல்லலாம் என்பதைக் காரணமாகக் கூறினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. அத்திட்டத்தில் வந்த எளிய வண்டிகளே இன்றும் வடிநில வீடுகளின் திண்ணையோரம் மிகுதியாகக் காணப்படுபவை.

மலைச் சைக்கிளின் பிறப்பு இந்தச் சமவெளிக்கு முற்றிலும் வேறான நிலத்தில் நிகழ்ந்தது. எழுபதுகளில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், டமால்பைஸ் மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடிய இளைஞர்கள், முப்பது, நாற்பது ஆண்டுப் பழமையான தடித்த டயர் கொண்ட ஷ்வின் வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியே தொடங்கினர். இறக்கத்தில் பிரேக்கு சூடேறி அச்சிலிருந்த கிரீஸ் எரிந்துபோக, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கெனவே சட்டம் ஒன்றைக் கட்டினார்; 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு ஏறத்தாழ 1,300 டாலர் விலையில் வண்டிகளை விற்றனர்; 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் 750 டாலருக்கு வந்தது. 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் முன்கவையில் சஸ்பென்ஷனைப் பொருத்தியது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வில் அல்லது காற்று அமைப்பையே அச்சொல் குறிக்கிறது. அந்த வண்டியில் சேர்ந்த ஒவ்வொரு புதுமையும் கல்லும் வேரும் செங்குத்தும் நிறைந்த ஒரு சரிவின் தேவையிலிருந்து எழுந்தது.

இந்தியாவில் தொண்ணூறுகளில் ஹீரோ ரேஞ்சரும் ஹெர்குலிஸ் எம்.டி.பி.யும் அந்தத் தோற்றத்தை மட்டும் மலிவு விலையில் கொண்டுவந்தன. உயர்வகை வண்டிகளை ஃபயர்ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இரண்டாயிரத்துக்குப் பின் பரப்பின. 2020இல் ஊரடங்கையொட்டி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் நாட்டில் 41 லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குச் சாதாரண வண்டி கிடைக்கும் அதே நகரக் கடைகளில், கார்பன் சட்டமும் இருபுற சஸ்பென்ஷனும் கொண்ட வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டிச் செல்கிறது.

அந்தப் பெரும் விலை எதை வாங்குகிறது என்று கேட்டால், வடிநிலத்தில் அதன் பெரும்பகுதி வீணாகிறது என்பதே நேர்மையான விடை. செங்குத்தில் ஏறுவதற்கான பெரிய பல்சக்கரங்கள் இங்கே தொடப்படாமலே இருக்கும். கல்லில் பிடிப்பதற்கான பட்டன் டயர் தார்ச்சாலையில் உராய்ந்து மிதிப்பவரின் வலுவைத் தின்கிறது. பின்புற சஸ்பென்ஷன் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்து மேலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. முன்கவை சஸ்பென்ஷனின் கீழ்ப்பகுதியை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துப் பராமரிக்கும்படி ராக்‌ஷாக்ஸ் கூறுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காற்று நீக்கும் கருவி வேண்டும். இந்த வேலைகளுக்குக் கடைத்தெருவின் பஞ்சர் கடை போதாது, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும். வயல் சேறும் கடலோர உப்புக்காற்றும் மூடப்படாத சங்கிலியை விரைவில் துருப்பிடிக்க வைக்கின்றன. பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் மட்கார்டும் கேரியரும் வருவதில்லை என்பதால் மழைக்காலத்தில் முதுகெல்லாம் சேறு. ஒரு பை அரிசிகூட ஏற்ற முடியாது.

இதனால் மிக மலிவான போலி மலைச் சைக்கிளே நல்லது என்று ஆகிவிடாது. கனமான இரும்புச் சட்டத்தில் பெயருக்கு இரண்டு வில்களைப் பொருத்தி விற்கும் வண்டிகளை வாங்குவது அதைவிட மோசமானது. வார இறுதியில் மன்னார்குடி வரை சென்று திரும்பும் ஒருவர் தம் உயரத்துக்குப் பொருந்தும் அளவான சட்டம், உறுதியான சக்கரம், நம்பத்தக்க பிரேக்கு, சற்றே அகன்ற வழவழப்பான டயர் ஆகியவற்றுக்குப் பணம் கொடுப்பது முறையானது; சஸ்பென்ஷன் இல்லாத, ஏழெட்டுக் கியர்கள் கொண்ட நடுத்தர விலை வண்டி இவை அனைத்தையும் தருகிறது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவர், போட்டிக்குப் பயிற்சி செய்பவர், மலைப்பகுதியில் வாழ்பவர் ஆகியோரின் கணக்கு வேறு. அவர்களுக்கு உயர்ந்த வண்டி உழைத்துத் திருப்பித் தரும்.

கூத்தாநல்லூரிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ நீலகிரிக்கோ ஆண்டுக்கு ஒருமுறை செல்ல விரும்புபவரும் இருக்கலாம். அந்த ஒரு பயணத்துக்காக ஆண்டு முழுவதும் ஒரு லட்ச ரூபாயை வீட்டுக் கூடத்தில் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. வாடகைக் கடையின் மணிக்கணக்கு முறையை மலைச் சைக்கிளுக்கு நாள் கணக்கில் பயன்படுத்தினால் செலவு பல மடங்கு குறையும். சில நண்பர்கள் சேர்ந்து இரண்டு நல்ல வண்டிகளைப் பொதுவில் வாங்கிப் பராமரித்தாலும் அதே பலன் கிட்டும். மணிக்கணக்கு நோட்டு வைத்திருந்த கடைக்காரர்களின் பிள்ளைகளில் சிலர் இன்றும் பஞ்சர் கடை நடத்துகிறார்கள். கியர் பொருத்தவும் டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்யவும் அவர்களுக்குப் பயிற்சி கிடைத்தால், அந்தத் தொழிலே புதிய வண்டிகளோடு மீண்டும் தொடங்க முடியும்.