வீரனின் உள்ளமும் விளையாட்டுக் களமும்

கல்லூரிப் பந்தயத்தில் ஒரு மாணவனுக்குக் கணுக்கால் பிசகினால் பத்துப் பேர் ஓடி வருவர். உள்ளம் சோர்ந்தாலோ அதை அறிவார் சிலரே. அறிந்தவரும் கோழைமை என்று ஒதுக்கிவிடுவர். இவ்வேற்றுமையின் வரலாற்றை அமெரிக்கக் கல்லூரிகளிடையே தெளிவாகக் காண்கிறோம்.

அந்நாட்டின் கால்பந்தாட்டம் நம் கால்பந்தாட்டத்தைப் போன்றதன்று; பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். 1905-ஆம் ஆண்டில் அதில் இளைஞர் பலர் மாண்டனர். ஆட்டத்தைத் திருத்துமாறு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வற்புறுத்தினார். 1906-இல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் கண்டன. அதன் கவலை அன்று உடலைப் பற்றியதே.

மனத்தின்பால் கருத்தைச் செலுத்தியவர் கோல்மன் கிரிஃபித் என்னும் உளநூற் பேராசிரியர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1925-இல் விளையாட்டு ஆய்வுக்கூடம் நிறுவினார். 1924-இல் மிச்சிகன் அணிக்கு எதிராகப் பன்னிரண்டு நிமிடங்களில் நான்கு முறை எல்லையைக் கடந்த ரெட் கிரேஞ்சு, அந்த ஓட்டங்களின் விவரங்களை நினைவுகூர இயலாதிருந்ததை அவர் கண்டார். திறமை பழக்கமாகிவிட்டால் எண்ணம் விலகி நிற்கும் என்பது இதனால் விளங்கிற்று. ஆயினும் 1932-இல் பொருளின்றி அக்கூடம் மூடப்பட்டது. அவ்வாய்வு நாடியது ஆட்டத் திறமையை. ஆடுபவனின் துயரை அன்று.

துயரை நாடப் பல்லாண்டுகள் ஆயின. பயிற்சியாளரிடம் மனம் திறந்தால் அணியில் இடம் போகுமோ, உதவித்தொகை நிற்குமோ என்று மாணவர் அஞ்சினர். 2016-இல் அச்சங்கம் நெறிமுறைகளை வகுத்தது: தகுதி பெற்ற மனநல வல்லுநரே சிகிச்சை அளித்தல் வேண்டும்; அவரிடம் அனுப்பும் முறை முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்; ஆடத் தொடங்குமுன் மனநிலையையும் சோதித்தல் வேண்டும்; உதவி கேட்பதை இழிவாக எண்ணாத சூழலும் வேண்டும் என்றது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அதே அச்சம் உண்டு. பிற மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கோ, துயரைத் தாய்மொழியில் சொல்ல ஆளில்லை என்ற குறையும் சேர்கிறது. இக்குறையை ஓரளவு போக்கும் வழி இன்று உண்டு. 2022 அக்டோபர் 10-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை நம் வீட்டு வீரர்களுக்கு இன்றே எழுதிக் கொடுப்போமாக.