பார்ட்சியா: ஒரு திருட்டுப் பூவின் கதை

ஆல்ப்ஸ் மலையின் உயரமான புல்வெளிகளிலும், ஸ்வீடன், நார்வே நாடுகளின் வடக்கே உள்ள குளிர் மலைகளிலும் ஒரு சின்னச் செடி வளர்கிறது. சுமார் ஒரு சாண் உயரம்தான். பூ கருஊதா நிறம். பூவை ஒட்டிய இலைகளிலும் அந்த ஊதா படர்ந்திருக்கும். ஸ்வீடன்காரர்கள் இதைக் 'கறுப்பு வைக்கோல்' என்கிறார்கள். காய்ந்ததும் கறுத்துப்போகும் செடிக்குப் பொருத்தமான பெயர்தான். தாவரவியலில் இதன் பெயர் பார்ட்சியா அல்பினா.

பார்ப்பதற்கு அப்பாவி மாதிரி இருக்கும். ஆனால் மண்ணுக்கு அடியில் நடப்பதே வேறு! இலை பச்சையாக இருப்பதால் சமையல் சொந்தச் சமையல்தான். அதற்கு வேண்டிய தண்ணீரும் தாது உப்புகளும் மட்டும் அடுத்த வீட்டுச் சொத்து. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் உறிஞ்சு வேரைச் செருகி எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவற்றை அரை ஒட்டுண்ணி என்பார்கள். நம் ஊர் சோளக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் வரும் சுடுமல்லி என்ற களை இதே குடும்பம்தான். சுடுமல்லி பயிரையே சாய்த்துவிடும். பார்ட்சியா அவ்வளவு மோசமில்லை. புல், கோரை, குட்டைப் புதர் என்று அகப்பட்ட வேரில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

இந்தத் திருட்டு வெளியே தெரிய வெகுகாலம் ஆயிற்று. பச்சை இலை இருக்கிற செடி மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? 1847ல் பாரிஸில் ஜோசப் டெகேன் என்ற தாவரவியலாளர்தான், இந்தக் கூட்டத்துச் செடிகள் அடுத்த செடியின் வேரோடு ஒட்டிக்கொள்வதை எடுத்துக்காட்டினார். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே செடிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் கார்ல் லின்னேயஸ். அந்தப் பெயருக்குப் பின்னால்தான் உண்மையான கதை இருக்கிறது.

லின்னேயஸ் 1732ல் வட ஸ்வீடனின் லாப்லாந்துப் பகதியில் சுற்றி, செடி கொடிகளைக் குறிப்பெடுத்தவர். 1735ல், 28 வயதில், மருத்துவப் பட்டம் வாங்க ஹாலந்து போனார். அந்தக் கால ஹாலந்து என்றால் பணம், கப்பல், கம்பெனி. நாகப்பட்டினத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற செல்வந்தர், தன் தோட்டத்தைக் கவனிக்க லின்னேயஸை வேலைக்கு வைத்துக்கொண்டார். சம்பளம் வருடத்துக்கு 1000 கில்டர், சாப்பாடும் தங்குமிடமும் தனி. அதிர்ஷ்டக்காரர்!

அங்கே லெய்டன் நகரில் அவருக்குக் கிடைத்த நண்பர்தான் யோஹான் பார்ட்ஷ். 1709ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்) பிறந்தவர், இளம் மருத்துவர். இருவருக்கும் வயது வித்தியாசம் இரண்டே வருடம்.

லெய்டனில் ஹெர்மன் போயர்ஹாவே என்று ஒரு பேராசிரியர். ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்ற மருத்துவர். தென் அமெரிக்காவில் இருந்த சூரினாம் என்ற டச்சுக் காலனிக்கு மருத்துவராகப் போகிறாயா என்று லின்னேயஸைக் கேட்டார். லின்னேயஸ் மறுத்துவிட்டார். ஸ்வீடனில் அவருக்கு நிச்சயம் செய்த பெண் காத்திருந்தாள். வந்த வாய்ப்பை வீணாக்குவானேன் என்று நண்பர் பார்ட்ஷின் பெயரைச் சொன்னார். பார்ட்ஷ் கிளம்பினார்.

சூரினாம் எப்படிப்பட்ட இடம்? 1683ல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, வான் ஏர்சன் என்ற பிரபுக் குடும்பம் ஆகிய மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டு நிறுவனம்தான் அந்தக் காலனியையே நடத்தியது. ஒரு நாட்டை ஆண்டது பங்கு நிறுவனம்! சர்க்கரையும் காப்பியும் லாபக் கணக்கில் ஏறின. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உயிர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அங்கே போன ஐரோப்பியர்களும் காய்ச்சலில் அடிக்கடி செத்தார்கள். ஆனால் அவர்களில் பலர் தாங்களாகக் கப்பல் ஏறியவர்கள், அடிமைகளுக்கு அந்த வழியும் இல்லை.

பார்ட்ஷ் 1738ல் சூரினாமில் இறந்தார். முப்பது வயது கூட நிரம்பவில்லை. அதே 1738ல் லின்னேயஸ் ஊர் திரும்பினார். மறு வருடம் கல்யாணம், 1741ல் உப்சாலாவில் பேராசிரியர் பதவி. ஏறத்தாழ 6000 தாவர இனங்களை வரிசைப்படுத்தி 1753ல் அவர் வெளியிட்ட பெரிய நூலில், அந்தக் கருஊதாப் பூ பார்ட்சியா அல்பினா என்று பதிவாகி இருக்கிறது. தனக்கு வந்த வேலைக்குப் போய் உயிரைவிட்ட நண்பனின் பெயர்.

செடிகளுக்கு மனிதர் பெயரை வைப்பதில் லின்னேயஸுக்குத் தனிப் பிரியம் உண்டு. நம் மந்தாரையின் இரட்டை இலை, அதன் தாவரவியல் பெயரில் இருக்கும் பௌஹின் சகோதரர்கள் இருவரைக் குறிக்கிறது என்று ரசித்து எழுதியவர் அவர். பின்னாளில் தன் மாணவர்களையும் உலகமெங்கும் அனுப்பினார். தார்ன்ஸ்ட்ரோம் 1746ல், ஹாசல்குவிஸ்ட் 1752ல், லோஃப்லிங் 1756ல், ஃபோர்ஸ்கால் 1763ல் என்று போன இடத்திலேயே இறந்தவர்கள் பலர். தார்ன்ஸ்ட்ரோமின் மனைவி, கணவன் சாவுக்கு லின்னேயஸ்தான் காரணம் என்று குற்றம் சாட்டினார். அதன் பிறகு கல்யாணமாகாதவர்களாகப் பார்த்து அனுப்பினாராம்! மாதிரிகளும் புகழும் உப்சாலாவுக்கு வந்து சேர்ந்தன, போனவர்களுக்கு ஒரு செடிப் பெயர். இந்த வரிசையின் ஆரம்பம் பார்ட்ஷ் என்று சொன்னால் தப்பில்லை.

செடியின் கதைக்கு வருவோம். வட ஸ்வீடனின் அபிஸ்கோ பகுதியில் விஞ்ஞானிகள் செய்த ஆய்வுகள் 2003ல் வெளியாயின. அந்தக் குளிர் மண்ணில் நைட்ரஜன் சத்துக்குப் பெரிய பஞ்சம். பார்ட்சியாவின் இலையிலோ, திருடிச் சேர்த்த நைட்ரஜன் நிறைய இருக்கிறது. உதிர்ந்த இலை சீக்கிரம் மக்கி மண்ணில் சேர்கிறது. அந்தச் சருகு போட்ட மண்ணில் மற்ற செடிகள் நன்றாக வளர்ந்தன. எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது இந்தத் திருடன்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலும் ஏறத்தாழ 45 செடியினங்கள் பார்ட்சியா என்ற பெயரில்தான் வெகுகாலம் இருந்தன. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை வேறு கிளை என்று தெரிந்து, 2016ல் நியோபார்ட்சியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆப்பிரிக்க மலைகளில் இருந்த ஒன்றிரண்டும் பிரிந்துபோயின. பார்ட்சியா பேரினத்தில் இப்போது இருப்பது அந்தப் பழைய கறுப்பு வைக்கோல் மட்டும்தான்.