கூடம் திரும்பிய மாளிகை

வரலாற்றை ஏட்டிலேதான் தேடவேண்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். தமிழாசிரியனுக்கு அது இயல்பான குறை. கல்லும் கண்ணாடியும்கூட ஏடாகும் என்பதை எனக்கு உணர்த்தியது, இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றின் தரைப்படமாகும்.

டாபிஷயரிலுள்ள ஹாட்விக் மாளிகையே அது. சிறு நிலக்கிழார் குடும்பத்திற் பிறந்து, நான்கு முறை மணம்புரிந்து, ஷ்றூஸ்பரிப் பிரபுவின் மனைவியாக உயர்ந்த எலிசபெத் என்னும் பெருமாட்டி அதனைக் கட்டுவித்தார். 1590இல் வேலை தொடங்கிற்று. 1597இல் அவர் குடிபுகுந்தார். அமைப்பை வகுத்தவர் றொபேட் ஸ்மித்சன் என்பது அறிஞர் கொள்கை.

முகப்பில் முதலிற் கண்ணிற் படுவன சாளரங்களே. கண்ணாடி பெருவிலை பெற்ற காலம் அது. புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் அடக்கியதால், வெளிச்சுவர்கள் பெருஞ் சாளரங்களுக்கு இடங்கொடுத்தன. மாடிக்கு மாடி உயரம் கூடுகிறது. பெருவிருந்தினருக்குரிய மண்டபங்கள் மேல்மாடியிலேயே உள்ளன. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் பெருமாட்டியின் பெயரின் முதலெழுத்துக்கள் கல்லிற் செதுக்கி நிறுத்தப்பட்டுள்ளன.

ஆனால், என் மனத்தைத் தைத்தது முகப்பன்று, கூடம். முந்திய மாளிகைகளிற் கூடம் முகப்பையொட்டி நீளவாட்டில் அமைந்திருக்கும். ஒரு முனையில் மேடைமீது தலைவன், கீழே பணியாளர். இதனைச் சமத்துவம் என்று மயங்கவேண்டாம், மேடை மேடைதான். ஆயினும், உண்ணும் வேளையில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. ஹாட்விக்கிலோ கூடம் குறுக்கே திருப்பப்பட்டது. நடுவாயிலிலிருந்து பின்புறம்வரை அது ஓடுகிறது. இருபுறமும் ஒத்த முகப்புக்கு அது வாய்ப்பாயிற்று. பெருமாட்டி உண்டது மாடியில். கூடம் பணியாளர் உண்ணும் இடமாகவும் உள்ளே வருவோரின் வழியாகவும் மாறிற்று. நீண்டு வளையும் கற்படிகளில் உணவைச் சுமந்து ஏறியவர்களும் அப்பணியாளரே.

உயர்ந்தோர் கூடத்தை விட்டு விலகுவது அதற்கு முன்பே தொடங்கியதுதான். ஹாட்விக் அவ்விலகலைக் கல்லில் உறுதியாக்கியது. அழகிய ஒழுங்கு ஒன்று பிறந்தபோது, பழைய உறவொன்று அறுந்தது. அந்த முகப்பை வியக்கும்போதெல்லாம் இந்த இழப்பும் என் நினைவில் உறுத்துகிறது.

1959 முதல் மாளிகை நாஷனல் ட்றஸ்ட் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளது. பொதுமக்களும் அப்படிகளில் ஏறுகின்றனர். கட்டட வேலைக் கணக்கேடுகளும் அழியாது எஞ்சியுள்ளன. அவற்றிற் கல்தச்சரும் பிற தொழிலாளரும் பெற்ற கூலி, பெயரோடு பதிவாகியிருக்கிறது. கோபுரத்தில் ஒருவர் பெயர். கணக்கேட்டிற் பலர் பெயர். கல்லையும் ஏட்டையும் சேர்த்து வாசித்தாலன்றி வரலாறு நிறைவுறாது என்பதே இன்று நான் கொண்டிருக்கும் எண்ணம்.