ஒட்டுத் துணியில் ஒரு வரலாறு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. மலேசியத் தமிழர் வரலாறு என்றால் கப்பலும் கங்காணியும் ரப்பர் மரமும் வருகின்றன. தோட்ட அலுவலகத்துப் பெரட்டுப் புத்தகத்தில் எத்தனை ஆள் வேலைக்கு வந்தனர் என்ற கணக்கு உண்டு; எத்தனை இராத்தல் பால் இறங்கிற்று என்ற கணக்கும் உண்டு. ஆயின் பால்மரக் காட்டிலிருந்து திரும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறிட்டபின் மண்ணெண்ணெய் விளக்கடியில் ஊசியும் நூலுமாக அமர்ந்த பெண்ணின் உழைப்புக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை. அவள் கிழிந்த சேலையையும் நைந்த கைலியையும் துண்டு துண்டாக இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வையே அவள் எழுதி வைத்த ஏடு. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களைக் களமாகக் கொண்டு அந்த ஏட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒட்டுத் துணி தமிழர்க்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையில் பொருநன் ஒருவன் தன் வறுமையைக் கூறுமிடத்து, தையல் மேல் தையல் இட்ட கந்தையை உடுத்திருந்ததையும், கரிகாலன் அதனைக் களைந்து பட்டாடை நல்கியதையும் சொல்கிறான். சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளர்களை அடுக்கிச் சொல்லும்போது துன்னகாரர் எனத் தையற்காரரைக் குறிப்பிடுகிறது. எனவே தையலும் பழமையானது. தைத்த கந்தையும் பழமையானது. ஆயினும் நம் இலக்கியத்தில் ஒட்டுத் துணி வறுமையின் அடையாளமாகவே நின்றுவிட்டது.

பிற மக்களிடம் நிலை வேறு. வங்காளப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தையலிட்டுக் ‘காந்தா’ என்னும் போர்வை செய்தனர். கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் செய்யும் ‘கவந்தி’ ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் செல்வது. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைப்பர். சீனர் பல குடும்பங்களிலிருந்து துணி பெற்றுக் குழந்தைக்குப் போர்வை தைப்பதை வாழ்த்தாகக் கருதினர். மலாய்க்காரர் இக்கலையைத் ‘தம்பால் சந்தும்’ என்பர். ஒட்டுதலும் இணைத்தலும் என்பது அதன் பொருள். நெகிரி செம்பிலானில் நம் தோட்டங்களும் மலாய்க் கம்பங்களும் பக்கம் பக்கமாக இருந்தவை. வேலிக்கு இருபுறமும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழில் ரப்பருக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் காப்பி பயிராயிற்று. 1891ஆம் ஆண்டில் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் காப்பி நின்ற இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டது. 1910இல் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை வலுத்தது. ரந்தாவ், லாபு, சிலியாவ், லுக்குட், பகாவ், கெமாஸ் என ஊர்தோறும் லயங்கள் எழுந்தன. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்த வண்ணம் இருந்தன.

வெப்ப நாட்டில் போர்வை எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். இலங்கைத் தேயிலை மலையில் குளிர் கடுமை. அங்கே கம்பளி வேண்டியிருந்தது. இங்கே வேண்டியிருந்தது பருத்தி. விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டிய தாய், உறங்கும் குழந்தையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடினாள். ஈரம் கசியும் தரையில் குழந்தையைக் கிடத்த விரிப்பு ஒன்று தேவை. மழைக்காலத்து விடியல் குளிருக்குப் போர்வை ஒன்று தேவை. தோட்டங்களை வாட்டிய மலேரியாக் காய்ச்சலில் உடல் நடுங்கும்போது அதே போர்வை மருந்துக்கு முன் வந்து நின்றது. விரிப்பு, போர்வை, மூட்டை கட்டும் துணி ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே துணி செய்தது.

இனி அதன் துண்டுகளை நோக்குவோம். தாயகத்திலிருந்து உடுத்தி வந்த கண்டாங்கிச் சேலை. தீபாவளிக்குக் கடனாக எடுத்த சீட்டித் துணி. மிதிவண்டியில் துணிமூட்டை கட்டி வந்த வணிகரிடம் தவணையில் வாங்கிய பாவாடைத் துணி. பால்வெட்டப் போகும்போது கட்டிய கைலி. பிள்ளையின் பள்ளிச் சட்டை. பால்கறை ஏறிய துணி எத்தனை முறை வெளுத்தாலும் கறை போகாது. அத்தகைய துணிக்கு உகந்த இடம் போர்வையின் உள்மடி. மேலே காட்டத் தகுந்ததை மேலேயும், மறைக்கத் தகுந்ததை உள்ளேயும் வைத்தல் தையலின் நெறி. அதுவே ஏழைக் குடும்பத்தின் நெறியும் ஆகும்.

துண்டுகளின் வகை, காலத்தைச் சொல்லும். 1930ஆம் ஆண்டுக்கு முன் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி, உலகப் பொருளாதார வீழ்ச்சியில் முப்பது காசுக்கும் கீழே போயிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தகைய காலத்தில் புதுத் துணி ஏது? பழந்துணியே மறுபடியும் மறுபடியும் பிறவி எடுத்தது. பின்னாளில், 1960களிலும் 1970களிலும், நைலான், பாலியஸ்டர் சேலைகள் லயத்துக்கு வந்தன. அவை பளபளத்தன, ஆனால் வியர்வையை உறிஞ்சவில்லை. பருத்திக்கு இருந்த மதிப்பு அப்போதுதான் புலனாயிற்று.

1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியர் காலம் துணிப்பஞ்சத்தின் உச்சம். சாக்கை உடுத்தியோர் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு ஆயிரம் ஆயிரமாகத் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. மீளாதவனின் வேட்டி, வீட்டில் எஞ்சியிருந்தவர்களின் ஆடையாயிற்று.

அதே காலத்தில், 1942இல், சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்கள், எத்தல் மல்வெனி என்னும் கனடியப் பெண்மணியின் முயற்சியால் மூன்று ஒட்டுப்போர்வைகள் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 கட்டங்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு கட்டத்தில் தன் பெயரையும் தன் மனத்தின் ஒரு பகுதியையும் இழைத்தாள். ஆண்கள் அடைபட்டிருந்த பகுதிக்கு ‘உயிரோடிருக்கிறேன்’ என்ற செய்தி துணி வழியே சென்றது. அவற்றுள் இரண்டு இன்று கான்பெரா நகரின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. அவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே போரில், அதே மண்ணில், கணவனைச் சயாமுக்குப் பறிகொடுத்த தோட்டத்துத் தாய் தைத்த போர்வை எந்த நினைவகத்தில் இருக்கிறது? அதில் பெயர் இழைக்க அவளுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவள் போர்வை பயன்பட்டுப் பயன்பட்டே தேய்ந்தது.

இத்தகைய போர்வையின் நடுப்பகுதி கிடைத்த துண்டுகளால் ஆனது. அங்கே தேர்வுக்கு இடமில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வரும், பூவுக்குப் பக்கத்தில் கட்டம் வரும். ஓரத்தில்தான் தைப்பவளின் எண்ணம் வெளிப்படுகிறது. சேலையில் உடல் முதலில் நைந்துபோகும். கரை நெருக்கமாக நெய்யப்படுவதால் கடைசிவரை நிற்கும். ஆகவே கரைத் துண்டுகளே ஓரக் கட்டங்களுக்கு ஏற்றவை.

ஓரம் வைப்பதில் கணக்கு உண்டு. துணியின் விளிம்பு இழுபடும் தன்மையது. எனவே அளவை விளிம்பில் எடுக்காமல் நடுவில் எடுக்கவேண்டும். நடுப்பகுதி நாற்புறமும் 36 அங்குலமானால், 4 அங்குல ஓரக் கட்டங்கள் பக்கத்துக்கு 9 வேண்டும். நான்கு பக்கத்துக்கு 36. மூலைக்கு ஒன்றாக 4. ஆக 40 கட்டங்கள். தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் போகும் என்பதால் ஒவ்வொன்றையும் 4½ அங்குலமாக வெட்டவேண்டும். நடுப்பகுதி 37½ அங்குலமாக வந்துவிட்டால், துணியை இழுத்துப் பொருத்துவது தவறு, சுருக்கம் விழும். 9 கட்டங்களுக்கிடையே 1½ அங்குலப் பட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகும். பள்ளிக்கூடம் காணாதவளும் சாண் அளந்து, விரல் அளந்து, இக்கணக்கைப் போட்டாள். கிடைத்ததை இழுக்காமல், குறைந்ததை நிரப்பிச் சரிசெய்வது அவள் கண்ட வழி.

பின்னர் அடியில் விரித்த கோதுமை மாவுச் சாக்கு அல்லது பழஞ்சேலை, நடுவே நைந்த துணிகள், மேலே ஒட்டிய துணி என மூன்று அடுக்கையும் சேர்த்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஓட்டுத் தையல் இடவேண்டும். அப்போதுதான் மடிப்பு ஓரத்துக்கு ஒதுங்கி வெளியேறும். இறுதியில் நீளப் பட்டி ஒன்றை மடித்து விளிம்பைச் சுற்றித் தைத்து மூடவேண்டும். விளிம்பு மூடப்படாத போர்வை நான்கு சலவைக்குமேல் தாங்காது.

தோட்டத்தில் ஒட்டுப்பால் என்றொரு பொருள் உண்டு. வெட்டுக்கோட்டிலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிக்கொண்ட பால் அது. அதனைப் பொறுக்கிக் கூடையில் சேர்த்தவள் பெண். நிறுத்து விலைபோட்டது தோட்டம். ஒட்டுத் துணியைப் பொறுக்கியவளும் அதே பெண்தான். இதனை நிறுக்க எவரும் தராசு கொண்டு வரவில்லை.

விடுதலைக்கு முன்னும் பின்னுமாகத் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பெரிய தோட்டத்தை வாங்கித் துண்டுபோட்டு விற்கும் வாணிகத்தில், தலைமுறையாக உழைத்தோர் வேலையும் வீடும் இழந்தனர். அதனை எதிர்க்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சிறு சேமிப்பு ஒன்றுசேர்ந்து தோட்டங்களை வாங்கிற்று. துண்டானவற்றை இணைத்து முழுமையாக்கும் வித்தையை அப்பெண்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர் எனலாம். 1969இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதோர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவ்வாறு திரும்பியவர்களைச் சுமந்த கப்பல்களுள் ரஜூலாவும் ஒன்று. குடும்பம் துண்டாயிற்று, அதனை இணைக்கும் ஊசி எவரிடமும் இல்லை.

இன்று நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை நிற்கிறது. நீலாய், சிரம்பான் பகுதிகளில் புதுநகரங்கள் நிற்கின்றன. லயங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவது பழந்துணி. அடுக்குமாடி வீட்டுக்குக் கம்பளியும் மெத்தையும் கடையிலிருந்து வந்துவிடுகின்றன.

ஆகவே தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பு மாணவரிடம் வீட்டிலுள்ள மூத்த பெண்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். தைத்த துணி ஒன்று எஞ்சியிருந்தால், ஒவ்வொரு துண்டும் யாருடைய ஆடை, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் எனக் குறித்துவரச் சொல்லுங்கள். துணி அழிந்திருந்தால் நினைவையாவது எழுதிவரச் சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடைப்பது அரிது. கணக்குப் பாடத்துக்கு நாற்பது ஓரக் கட்டங்களே போதும். பள்ளியில் ஒரு கண்ணாடிப் பேழை வைத்து அத்துணிகளைக் காக்க இயலுமானால் அது பெருந்தொண்டாகும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் முன்னோர். கசக்கிக் கட்டியதோடு நில்லாமல், கட்ட இயலாமற்போனதையும் வெட்டி, அளந்து, இணைத்து, விளிம்பு மூடி, அடுத்த தலைமுறையின் உடம்பில் போர்த்தியவர்கள் நம் தோட்டத்துத் தாய்மார்கள். அந்தப் போர்வைக்குள் உறங்கி வளர்ந்தவர்களே இன்று ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் நிற்கின்றனர். அவர்கள் பேனா எடுக்கும்போது அந்த ஊசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும்.