மேடையேறிய மாதர் இருவர்

சமயத்தைப் பற்றிப் பேச மாதர்க்கு உரிமை உண்டா என்று கேட்பாரை இன்றும் காண்கிறோம். காரைக்கால் அம்மையாரையும் ஆண்டாளையும் கைகூப்பித் தொழும் நம்மவர், உயிரோடிருக்கும் பெண்ணொருத்தி மேடையேறினால் முகஞ்சுளிப்பதேன்? இவ்வினாவை மனத்திற்கொண்டு இருவர் சரித்திரத்தை நோக்குவோம்.

முதலாமவர், 1783-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்த ஜரீனா லீ என்னும் கறுப்பினப் பெண்மணி. ஏழு வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்கு விடப்பட்டவர். வேதம் போதிக்க அவர் அனுமதி வேண்டியபோது, பிலடெல்பியாவில் கறுப்பர் திருச்சபையை நடத்திய ரிச்சர்டு ஆலன், பெண்கள் போதிக்கச் சபை விதியில் இடமில்லை என்று கூறிவிட்டார். ஆண்டவர் ஆணுக்கு மட்டுமன்றிப் பெண்ணுக்காகவும் உயிர் நீத்தாரெனில், அவரைப் பற்றிப் பெண் பேசலாகாது என்பது எங்ஙனம் பொருந்தும்? இதுவே அம்மையாரின் வாதம். 1819-இல் ஒரு நாள், யோனாவைப் பற்றிப் பிரசங்கித்த போதகர் இடையில் தடுமாறி நிற்க, அம்மையார் எழுந்து அப்பொருளையே தொடர்ந்து பேசினார். கேட்டிருந்த ஆலன் மனம் மாறி அனுமதி தந்தார். குருப்பட்டம் மட்டும் இறுதிவரை கிட்டவில்லை. எனினும் ஓராண்டில் மட்டும் 2,325 மைல் பயணஞ்செய்து 178 பிரசங்கங்கள் நிகழ்த்தினார். 1836-இல் தம் வாழ்க்கையையே நூலாக வெளியிட்டார்.

மற்றவர், நம் தமிழகத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்து, சிறுமியாயிருக்கையிலேயே தாசி ஒருத்தியிடம் விற்கப்பட்டவர். தெய்வத்தின் பேரால் சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டுவது திருப்பணியன்று, பெண்ணை விலைப்படுத்தும் கொடுமையே என்று ஊரூராகச் சென்று முழங்கினார். ஜரீனா லீயின் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்து, 1936-இல், தாமறிந்த அவ்வாழ்வின் உண்மைகளை 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலாக்கினார். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் நிறைவேறியது.

ஒருவர் சமயத்துக்குள் நின்று உரிமை கேட்டார். மற்றவர் சமயத்தின் பேரால் நடந்த அநீதியை எதிர்த்து நின்றார். வழி வேறு, ஆயின் இருவருக்கும் பட்டறிவே பாடசாலை. ஏட்டைக் காட்டி வாயடைக்க வந்தோர்க்குத் தம் வாழ்வையே சான்றாகக் காட்டினர்.

தங்கா பத்து வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டினங்களிலும் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறோம். பொங்கலிடுவோரும் பாற்குடம் எடுப்போரும் பெரும்பாலும் மாதரே. அம்மேடையில் சமயம் பேச அழைக்கப்பட்டோர் வரிசையில் மாதர் எத்தனை பேர்? ஆலய நிர்வாகத்தினர் இவ்வாண்டு அழைப்பிதழ் அச்சிடுமுன் இதனைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக.