தாம்பரம் டு பீச்: 1931-ல போட்ட ரூட்

முதல் இன்டர்வியூ. தங்கினது தாம்பரம், போகவேண்டியது பாரிமுனை, காலை 9 மணிக்கு. மேப் மூணு பஸ் மாறச் சொன்னது. நமக்கு ஜவ்வாது மலையில ஒரு பஸ்ஸை விட்டாலே பொழப்பு போச்சு. ராத்திரி தூக்கமே இல்ல.

டீக்கடை அண்ணன் சிரிச்சார்: “எதுக்கு தம்பி? நேரா பீச் ட்ரெயின் ஏறு.”

அந்தப் பதிலுக்கு வயசு தொண்ணூறுக்கு மேல. பீச்–தாம்பரம், சுமார் 29 கிலோமீட்டர். 1931-ல தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதையில மின்சார ரயில் விட்டது. அடிக்கடி நிக்கிற லோக்கலுக்கு நீராவி இன்ஜின் சரிப்படாது. மின்சார வண்டி சட்டுனு வேகம் எடுக்கும், கடைசி ஸ்டேஷன்ல இன்ஜினைத் திருப்பி மாட்டவும் வேண்டாம். அதனால அடுத்தடுத்து வண்டி விடலாம். புறநகர்ல குடியிருந்து நகரத்துல வேலை பாக்கலாம்.

நான் 8:40-க்கே போய்ட்டேன். கோட்டை ஸ்டேஷன்லயே பதறி இறங்கப் பாத்தது தனிக்கதை.