உரிமம்

'உரி' என்ற அடியில் பிறந்த சொல். உரிமையும் உரியவரும் இதன் உறவுகள். ஆட்சித்தமிழ் இதை லைசென்ஸுக்கு வைத்தது. பூச்சிமருந்துக் கடைக்காரருக்கு இன்றும் அது லைசென்ஸ்தான். அந்தச் சொல்லின் லத்தீன் வேர் அனுமதியோடு நின்றுவிடுகிறது. இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமோ, என் பார்வையில், உரிமையைச் சுட்டும் தமிழ்ச் சொல்லின் பக்கமே சாய்கிறது. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ 14ஆம் பிரிவு விடாது. முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடையில் எடுத்த மருந்து மாதிரி தரமற்றது என்ற ஆய்வறிக்கையை மறுக்க 28 நாள் அவகாசம். மறுத்தால் மத்திய ஆய்வகத்தில் மறுபரிசோதனை கோரலாம். இழுத்தடிப்பில் மருந்தே காலாவதியாகி, அந்த வாய்ப்புப் பறிபோனதால் நீதிமன்றங்கள் ரத்து செய்த வழக்குகளும் உண்டு.